கவிக்கு எதிர்க்கவி: கல்முனைக் கரையின் கண்டனப் பாட்டும் தொலைக்காட்சிச் சபையும்

கவி என்னும் சொல்லுக்குப் பாட்டு என்றும் பாட்டைப் பாடியவன் என்றும் இரு பொருள் உரைத்து அகராதி அமைந்துவிடும். ஆயினும் மருதமுனையில் தொடங்கிக் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று எனத் தெற்கே பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில், வயது முதிர்ந்த உம்மா ஒருவர் கவி என்று சொல்லும்போது இவ்விரு பொருளையும் மனத்திற்கொண்டு சொல்வதில்லை. அவர் குறிப்பது நாலடியில் அடங்கிவிடும் ஒரு வாய்ப்பாட்டை. அது ஏட்டில் எழுதப்படாதது. கட்டியவர் பெயர் அற்றது. பெரும்பாலும் எதிரே நிற்கும் ஒருவரை, அல்லது எதிரே நிற்பதாகப் பாவிக்கப்படும் ஒருவரை, மச்சான் என்றோ மச்சி என்றோ மாமி என்றோ விளித்து, அவருடைய மறுமொழியை எதிர்பார்த்துக் காத்திருப்பது. மறுமொழிக்குக் காத்திருத்தல் என்னும் இந்தக் கடைசி இயல்பைப் பற்றியே இக்கட்டுரை விரிவாகப் பேச விரும்புகிறது.

இந்தக் கரையின் அமைப்பை முதலில் கூறுவது நன்று. முஸ்லிம் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையே பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழ் ஊர்கள் ஒரே தெருவின் அடுத்தடுத்த வளவுகளைப் போல ஒட்டிக்கிடக்கின்றன. பழந்தமிழிசையை ஆராய்ந்து 1947-இல் 'யாழ் நூல்' தந்த விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே இருக்கிறது என்பதைச் சொன்னால், இசையாராய்ச்சியும் வாய்ப்பாட்டும் எவ்வளவு நெருங்கிய அயலில் வாழ்ந்தன என்பது விளங்கும். இரு சமூகத்தாரும் தாய்வழிக் குடிமுறையை உடையவர்கள். இரு சமூகத்திலும் மணமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்பவன். மாமன் மகனும் மாமி மகளும் ஒருவரையொருவர் பரிகசிக்கும் உரிமையைப் பிறப்பிலேயே பெற்றிருந்த இத்தகைய சமூகத்தில், மச்சான் என்னும் விளி காதலுக்கு மட்டுமன்றிக் குற்றஞ்சாட்டுதலுக்கும் ஒரு வாசலாக அமைந்தது வியப்பன்று.

கண்டனப் பாட்டு என்று தனிப்பெயர் பெற்ற வகை எதுவும் இங்கே இருந்ததில்லை. கவிகளிற் பெரும்பங்கு காதல். எஞ்சியது தாலாட்டும் ஊஞ்சலும் வேலைப் பாட்டும். ஆனால் வயற்காவலுக்குப் போனவன் திரும்பவில்லை என்று ஒரு பெண் பன்பாய் இழைத்துக்கொண்டே கவி சொல்லும்போது, அவனைத் தூரத்து வயல்வெளியான வட்டையில் பரண்மீது இருத்தி வைத்திருக்கும் நிலவுடைமையாளராகிய போடியாரும், அவருக்காக வேலையாட்களை மேய்க்கும் முல்லைக்காரனும், அறுவடை முடிந்து சூடு மிதித்த பிறகும் தீராத கடனும் அந்த நாலடிக்குள் வராமற் போவதில்லை. பணமுள்ள இடம் தேடிப் பெண்ணைக் கொடுத்த வாப்பாவின்மீது மகளுக்குள்ள மனத்தாங்கல், சீதனம் கேட்கும் மாமியின்மீது மருமகளுக்குள்ள கசப்பு ஆகியவையும் அப்படியே. முதலிரண்டு அடியில் ஒரு காட்சியைக் காட்டிப் பின்னிரண்டு அடியில் சொல்லவந்ததைச் சொல்லிவிடும் இவ்வடிவம் முறைப்பாட்டுக்கு மிக வசதியானது. ஏனெனில் காட்சி பொதுவானது, குற்றம் குறிப்பானது. கேட்டவன் சினந்து வந்தால் காட்சியைக் காட்டித் தப்பலாம். பாட்டின் ஆசிரியர் பெயர் தெரியாமற் போனதற்கு மறதி மட்டுமே காரணம் என்று நான் கருதவில்லை. அதில் ஒரு தற்காப்பும் உண்டு. ஊருக்கே உடைமையான பாட்டின் பொருட்டுப் போடியார் யாரை வேலையிலிருந்து நீக்குவார்?

இனி எதிர்க்கவி. ஒரு கவிக்கு மறுமொழியாகக் கட்டப்படும் கவி, முன்னதன் விளியை ஏற்று, முன்னதில் வந்த ஒரு சொல்லையோ உவமையையோ கையிலெடுத்து, அதையே திருப்பிக் காட்டி விடைகூறுவதே சிறப்பெனக் கருதப்பட்டது. எதிரி ஓர் ஆற்றைச் சொன்னால் மறுமொழி அதே ஆற்றைத் தாண்டவேண்டும். வேறோர் ஆற்றுக்குப் போவது தோல்வி. இந்த நியதியின் உள்ளடக்கம் சிறிதன்று. எதிராளி சொன்னதை முழுதுங் கேளாமல் எதிர்க்கவி கட்ட இயலாது. அவன் சொல்லாததை அவன் வாயில் வைத்தும் கட்ட இயலாது, ஏனெனில் முதற்கவியைக் கேட்ட அதே செவிகளே இரண்டாவதையும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. பாட்டு எவ்வளவு கடுமையாகவும் இருக்கலாம். வசைக்கவி என்னும் பெயரே அதற்குச் சாட்சி. மென்மை ஒரு நிபந்தனையாக இருக்கவில்லை. விடை சொல்லும் கடமையே நிபந்தனை.

அயலிலுள்ள தமிழர்களின் கொம்புமுறி விளையாட்டையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஊர் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிந்து, கோவலன் பக்கமும் கண்ணகி பக்கமுமாக நின்று, வளைந்த கொம்புகளைப் பிணைத்து இழுக்கும் அந்தச் சடங்கில், ஒரு சேரியார் மறுசேரியாரை ஏசிப் பாடுவதும் அதற்கு மறுசேரியார் திருப்பிப் பாடுவதும் முறையாகவே இடம்பெற்றன. சபையில் உச்சரிக்கத் தகாத சொற்கள்கூட அந்தச் சில நாட்களுக்கு அனுமதி பெற்றன. விழா முடிந்தபின் அதே வாய்கள் உறவுமுறை சொல்லி அழைத்தன. நம் முன்னோர் நாகரிகம் அறியாதவர்கள் என்று இதைக் கொண்டு முடிவுகட்டுவோர் உளர். ஏச்சுக்கு இடமும் காலமும் எல்லையும் வகுத்த ஒரு சமூகத்தை அவ்வாறு சொல்வதற்கு எனக்கு மனம் ஒருப்படவில்லை.

இப்பாட்டுக்கள் அச்சேறிய வரலாறு சுருக்கமானது. வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964-இல் வெளிவந்தபோது, 1961-இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டு அம்பாறை தனி மாவட்டமாகியிருந்தது. இப்பிரதேசத்தின் நாட்டார் வழக்காறுகள் கல்விமான்களின் கவனத்தைப் பெற்றதில் அந்நூலுக்குப் பெரும்பங்கு உண்டு. கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமானும், நிந்தவூர்ச் சட்டத்தரணி எஸ். முத்துமீரானும் பின்னர் ஆற்றிய தொகுப்புப் பணியும் ஆய்வும் இல்லையேல் நம்மிடம் எஞ்சியிருப்பது மிகச் சொற்பமாகவே இருந்திருக்கும். தொகுப்பாளர்க்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் அச்சுப் பக்கத்தில் ஏறிய கவி, நூலகத்து அலமாரியில் ஒற்றையாக நின்றுவிடுகிறது. கேள்வியும் விடையுமாக இரண்டு குரலில் எழுந்தது ஒரு குரலாகி, உரையாடலாக இருந்தது இலக்கியமாகி விடுகிறது. பாட்டின் களங்களும் தேய்ந்தன. உழவு இயந்திரமும் பின்னர் அறுவடை இயந்திரமும் வட்டையின் கூட்டு உழைப்பைக் கலைத்தன. 1985-இலும் 1990-இலும் இரு சமூகங்களுக்கிடையே நிகழ்ந்த கொடுமைகளுக்குப் பிறகு முஸ்லிம் விவசாயி தமிழ் ஊரைக் கடந்து தன் வயலுக்குப் போகவே அஞ்சிய ஆண்டுகள் பல. மார்க்கச் சீர்திருத்த இயக்கங்கள் பரவிய காலத்தில், பெண் குரலெடுத்துப் பாடுவது ஒவ்வாதது என்னும் எண்ணமும் வலுப்பெற்றது. அவ்வெண்ணத்தின் நியாயத்தை இங்கே விசாரிப்பது என் நோக்கமன்று, ஆயினும் அதன் விளைவாகக் குறைகூறும் உரிமையொன்றைப் பெண்கள் ஓசையின்றி இழந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

தொலைக்காட்சி இந்தத் தேய்வின் நடுவே வந்தது. சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலிலும், ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும் ஒளிபரப்பைத் தொடங்கின. முதற் பத்தாண்டில் அவை இரண்டும் அரசின் வாயாகவே விளங்கின. அக்காலத்துத் தொலைக்காட்சிச் சம்பாஷணையில் மரியாதைக்குக் குறைவில்லை. அமைச்சர் அமர்ந்திருப்பார், வினவுபவர் பணிவாக வினவுவார், விடை முடிந்ததும் நன்றி கூறுவார். அந்த மரியாதை மேலிருந்து வந்தது. பேசுபவர்மேல் எவரும் எதிர்க்கவி கட்ட இடமில்லாதது. பாட்டின் கதியும் அதுவே. 1980-களின் பிற்பகுதியில் சுனில் ஆரியரத்ன எழுதி நந்தா மாலினி பாடிய 'பவன' என்னும் சிங்களப் பாடற்றொகுதி, நாட்டின் அநீதிகளை நேராகக் கண்டித்த காரணத்தால் அரச ஒலிபரப்பில் இடம்பெறாது, ஒலிநாடாக்களின் வழியே வீடுவீடாகச் சென்றது. நாட்டார் பாட்டுக்குச் சின்னத்திரையில் இடமே கொடுக்கப்படவில்லை என்று சொல்லுதல் பொருந்தாது. உடுத்தி, அலங்கரித்து, பாரம்பரியம் என்னும் பெயர்ப்பலகையின் கீழ் அதனை நிறுத்தினார்கள். போடியாரைக் குத்திய நாலடி, போடியார் இல்லாத அரங்கில் ஒளிவிளக்கின் முன் பாடப்படும்போது யாரைக் குத்தும்?

தனியார் தொலைக்காட்சி 1990-களின் முற்பகுதியில் வந்ததும் நிலைமை மாறிற்று. அம்மாற்றத்தின் முனையில் நிற்பது, இந்தக் கரையோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு நிகழ்ச்சி. 1999-இல் ரி.என்.எல். தொலைக்காட்சியில், ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் ஸ்தாபகத் தலைவரும் அந்நாளைய அமைச்சருமான எம். எச். எம். அஷ்ரஃபும், பௌத்த மறுமலர்ச்சிப் பிரசாரகராகப் பெரும்புகழ் பெற்றிருந்த கங்கொடவில சோம தேரரும் நேருக்கு நேர் அமர்ந்து சிங்களத்தில் விவாதித்தார்கள். அம்பாறை மாவட்டத்தின் தீகவாபியில், புராதன விகாரைக்குரிய நிலம் முஸ்லிம்களால் அபகரிக்கப்படுகிறது என்னும் குற்றச்சாட்டே விவாதத்தின் மையம். இருவரும் 1948-இல், சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே, பிறந்தவர்கள் என்பது தற்செயலே. ஆயினும் நினைவிற் பதியும் தற்செயல். சம்மாந்துறையிற் பிறந்து கல்முனையை அரசியற் களமாக்கிய அஷ்ரஃப் சட்டத்தரணி மட்டுமல்லர். 'நான் எனும் நீ' என்னும் பெருந்தொகுதியைத் தந்த கவிஞரும் ஆவார். தேர்தல் மேடையில் தம் தொண்டர்களைக் கவிதையால் அழைத்தவர், தொலைக்காட்சியில் அந்நிய மொழியாகிய சிங்களத்தில் சட்டத்தரணியாக வாதிட்டார்.

அந்த விவாதத்தை நான் பழைய எதிர்க்கவியின் தூரத்து உறவாகவே பார்க்கிறேன். இருவர், ஒரே பொருள், நேர்முகம். ஒருவர் எடுத்த ஆதாரத்தை மற்றவர் எடுத்துப் பேசியே ஆகவேண்டிய நிர்ப்பந்தம். முன்பெல்லாம் துண்டுப்பிரசுரத்திலும் பன்சலைப் பிரசங்கத்திலும் கட்சிக்கூட்டத்திலும் ஒருவர் காதிற் படாமல் மற்றவர் சொன்னவற்றை இங்கே முகத்துக்கு நேரே சொல்லவும் கேட்கவும் வேண்டியிருந்தது. இரு சாராரும் தத்தம் பக்கமே வென்றதாகக் கொண்டார்கள் என்பது அதன் குறையன்று. எதிர்க்கவியிலும் இறுதித் தீர்ப்பு ஊருக்கு விடப்பட்டதே. ஆனால் வேறொரு குறை இருந்தது. நிலம் அம்பாறையில், சபை கொழும்பில். அந்த நிலத்தில் உழுத முஸ்லிம் விவசாயியும், அதற்கு அப்பால் கல்லோயாத் திட்டத்தின் வழியே குடியேறிய சிங்கள விவசாயியும், இருவருக்கும் அயலவனாகிய தமிழனும் அச்சபையில் இல்லை. சிங்களம் விளங்காத முதியவர்கள் தங்கள் மண்ணைப் பற்றிய வழக்கைத் தங்களுக்கு விளங்காத மொழியிற் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவியில் பாடப்படுபவன் கேட்கும் தூரத்தில் இருந்தான். தொலைக்காட்சியிலோ, பேசப்படுபவர்கள் பார்க்கும் தூரத்தில் மட்டுமே இருந்தார்கள்.

அடுத்த ஆண்டு, 2000 செப்டெம்பர் 16-இல், அஷ்ரஃப் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தார். 2003 டிசம்பரில் சோம தேரரும் வெளிநாட்டில் மரணமானார். விவாதம் மட்டும் மரணிக்கவில்லை. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இந்தக் கரையைப் பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களோடு அள்ளிச் சென்றபின், வீடிழந்தவர்களுக்காக அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவூதி அரேபிய நிதியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. தீகவாபியின் அயல்நிலம் என்னும் வாதத்தோடு வழக்கு உயர்நீதிமன்றம் சென்று, 2009-இல் முஸ்லிம்களுக்கு மட்டும் அவற்றைப் பகிர்ந்தளிப்பது தடுக்கப்பட்டது; பின்னர் அவை ஆண்டுக்கணக்காக ஆளின்றிப் பாழ்பட்டன. அந்த ஆளில்லாச் சுவர்களை 1999-இன் மிச்ச வாக்கியங்கள் என்று எண்ணிக்கொண்டு அவ்வழியே போவோர் உண்டு.

பாட்டுக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள இந்தப் பிணக்கு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பீட் சீகர் என்னும் நாட்டார் பாடகர், 1955-இல் பாராளுமன்றக் குழுவொன்றின் முன் தம் அரசியற் சார்பைப் பற்றி விடைகூற மறுத்த காரணத்தால், பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களின் வாயிலுக்கு வெளியே பல்லாண்டுகள் நிறுத்தப்பட்டிருந்தார். 1967 செப்டெம்பரில் சி.பி.எஸ். நிறுவனம் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில் அவரை அனுமதித்தது. ஆனால் ஆற்றின் ஆழம் அறியாது படையை இறங்கச்சொல்லும் தளபதியைப் பற்றிய அவர் பாட்டு, வியட்நாம் போரைக் குத்துகிறது என்று வெட்டி எறியப்பட்டது. பொதுமக்கள் கண்டித்தபின், 1968 பெப்ரவரியில் அதே நிகழ்ச்சியில் அப்பாட்டு ஒலித்தது. அதே 1968-இன் ஆகஸ்ட் மாதத்தில், ஏ.பி.சி. நிறுவனம் அரசியல் மாநாடுகளைப் பற்றி விவாதிக்க வில்லியம் பக்லியையும் கோர் விடாலையும் எதிரெதிரே அமர்த்தியபோது, ஒருவர் மற்றவரை மறைமுக நாஜி என்று சொல்ல, மற்றவர் அடிப்பதாக மிரட்டி ஏசினார். பார்வையாளர் அதை வெறுத்தார்களோ ரசித்தார்களோ, அந்த வகைச் சண்டை நாளடைவில் ஒரு வியாபார முறையாயிற்று. ஓர் ஆண்டின் இரு முனைகளில், கண்டனத்தை மறைமொழியாற் சொன்ன பாட்டுக்கு அரும்பாடுபட்டு இடம் கிடைத்ததும், வெளிப்படையான ஏச்சுக்கு எளிதாக இடம் கிடைத்ததும், ஏறத்தாழ ஒரே கதையின் இரு பக்கங்கள்.

நம் தமிழ்த் தொலைக்காட்சிகளின் கதையும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. செயற்கைக்கோளின் வழியே கல்முனை வீடுகளுக்குள் வந்த தமிழ்நாட்டு அலைவரிசைகள் முதலில் பட்டிமன்றத்தையும் அரட்டை அரங்கையும் கொண்டுவந்தன. பின்னர், செய்தி அலைவரிசைகள் பெருகிய காலத்தில், திரையை நான்காகவும் ஆறாகவும் பிளந்து ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு முகத்தை வைத்துப் பேசச்செய்யும் முறை வந்தது. கட்டத்துக்குள் இருப்பவர் எதிராளியின் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. இங்கே கொழும்பிலிருந்து வரும் சக்தி தொலைக்காட்சியின் 'மின்னல்' நிகழ்ச்சி, தமிழ் பேசும் அரசியல்வாதிகளை ஒரே மேசையில் வைத்து வினவியதன் மூலம் பெற்ற செல்வாக்கு சாதாரணமானதன்று. அதனை நடத்திய ஸ்ரீ ரங்கா 2010-இல் நுவரெலியா மாவட்டத்திலிருந்து தாமே நாடாளுமன்றம் சென்றார். நடுவருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான வரப்பு இப்படிக் கரையுமெனில், எதிர்க்கவியை எடைபோடும் ஊர் எங்கே இருக்கிறது என்ற வினா எழாமற் போகாது. அதே காலத்தில், 2015 ஒக்டோபர் 30-இல், திருச்சிராப்பள்ளியில் கோவன் என்னும் பாடகர், அரசின் மதுக்கடைகளை மூடச்சொல்லி நாட்டார் மெட்டில் பாடியதற்காகத் தேசத்துரோகப் பிரிவில் கைது செய்யப்பட்டார். கட்டங்களுக்குள் எவ்வளவு உரக்கவும் ஏசலாம்; மெட்டெடுத்துப் பாடினால் காவலர் வருகிறார்கள். பாட்டுக்குத்தான் இன்னமும் சக்தி உண்டு என்று அரசுகள் கருதுவதற்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டியதில்லை.

கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்த வேண்டுமெனத் தமிழர்கள் 2019 ஜூனில் உண்ணாவிரதம் இருந்தபோதும், அதை எதிர்த்து முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் இருந்தபோதும், இரு பந்தல்களும் ஒரே நகரத்தில், நடந்து போகும் தூரத்தில் இருந்தன. ஆனால் பேச்சு நடந்தது தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசித் திரையிலும். ஒரு பந்தலின் வாக்கியம் மறுபந்தலை அடையுமுன் கொழும்புக்குப் போய்த் திரும்பிற்று. கொம்புமுறியின் இரு சேரியாரும் வெட்கப்பட்டிருப்பார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. அவர்கள் ஏசினாலும் எதிரே நின்று ஏசினார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டில் வந்த துயரத்தின்போது, பேச்சே இல்லாத ஒரு கண்டனத்தை இந்நாட்டு முஸ்லிம்கள் கண்டுபிடித்தார்கள். கொரோனாவால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டும் என்று 2020 ஏப்ரல் 11-இல் வர்த்தமானி வெளியானதிலிருந்து, தொலைக்காட்சிகளில் நிலத்தடி நீரைப் பற்றியும் கிருமியைப் பற்றியும் நிபுணர்களும் நிபுணர் அல்லாதவர்களும் மாதக்கணக்கில் பேசினார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியதை மேற்கோள் காட்டியவர்களுக்கு அதே மேற்கோளை ஏற்று விடை வந்ததில்லை. விடைகூற வேண்டியவர்கள் வேறோர் ஆற்றுக்குப் போய்விட்டார்கள். அந்த டிசம்பரில், பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையின் உடல் எரிக்கப்பட்டபின், பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் இறந்தோரைப் போர்த்தி அடக்கும் கபன் துணியை நினைவூட்டும் வெள்ளைத் துணித்துண்டுகளைக் கட்டத் தொடங்கினார்கள். ஆசிரியர் பெயர் அற்றது, யாரும் கட்டலாம், காட்சி பொதுவானது, குற்றம் குறிப்பானது. கவியின் இலக்கணம் அனைத்தும் அதில் இருந்தது, ஓசை ஒன்றைத் தவிர. 2021 பெப்ரவரி 3-இல் பொத்துவிலில் தொடங்கிப் பொலிகண்டி நோக்கிப் புறப்பட்ட பேரணி இந்தக் கரையோர நெடுஞ்சாலையின் வழியே தமிழ் ஊர்களையும் முஸ்லிம் ஊர்களையும் கடந்து சென்றபோது, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருடைய கோரிக்கையோடு கபன் துணியின் கோரிக்கையும் சேர்ந்து நடந்தது. 1985-க்குப் பிறகு பிறந்தவர்கள் பலர் அவ்விரண்டையும் ஒரே தெருவில் ஒன்றாகப் பார்த்தது அதுவே முதல் தடவையாக இருக்கலாம். அந்தத் துணிக்கு எதிர்க்கவி வரவில்லை. பெப்ரவரி 25-ஆம் திகதி, அடக்கம் செய்யவும் அனுமதிக்கும் மற்றொரு வர்த்தமானி வந்தது. மார்ச் மாதம் ஓட்டமாவடியில் மண் தோண்டத் தொடங்கினார்கள்.